அவர் பின்னாடி வர்றார்

நான் குரோம்பேட்டையில ஒரு ஸ்கூல்ல எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கிறேன். கிளாஸ்ல எவனாவது பேய், பிசாசுன்னு ஆரம்பிச்சா சாக்பீஸைத் தூக்கி அடிக்கிற டீச்சர். அதனால நான் போய் இப்படி ஒண்ணைச் சொன்னா ரெண்டு பேர் நம்புவீங்க, பத்து பேர் சிரிப்பீங்க. தாராளமா சிரிங்க. நடந்தது நடந்ததுதான். போன அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சுது. ஞாயிற்றுக்கிழமை காலையில முடிஞ்சுதுன்னு நினைச்சேன்... இதுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்திச் சொல்றேன். எதை, ஏன் மாத்தினேன்னு கடைசியில சொல்லிடறேன். மத்ததெல்லாம் நடந்தது நடந்தபடி.

என் பேர் மெட்டில்டா. என் வீட்டுக்காரர் ஜோனத்தான், ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்கேன் மெஷின் மாட்டிக் குடுக்கிற கம்பெனியில இன்ஜினியர். மாசத்துல பாதி நாள் வெளியூர். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே கம்பெனி ஹோட்டல்லதான் தங்குவாரு, ஏன்னா அதுல மெம்பர். தங்கத் தங்க பாயிண்ட்ஸ் ஏறும். சில்வர், கோல்டு, அப்புறம் பிளாட்டினம். பிளாட்டினம் வந்த அன்னைக்கு மனுஷன் ஏதோ ஜனாதிபதி கையால விருது வாங்கின மாதிரி சிட்லபாக்கம் ஏரியைச் சுத்தி என்னை நடக்க வெச்சு அதோட பெருமையைச் சொன்னாரு. "இரு டீச்சர், இந்த பாயிண்ட்ஸையெல்லாம் சேர்த்து உன்னையும் பாப்பாவையும் ஈ.சி.ஆர். ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கோல்ஃப் கிரவுண்டு" என்பாரு. கோல்ஃப் மட்டையை அவர் கையால தொட்டது கூட இல்ல. என்னைப் பேர் சொல்லியும் ஒரு நாள் கூப்பிட்டது இல்ல. கல்யாணமான நாள்ல இருந்து டீச்சர்தான்.

பிப்ரவரியில ஹைதராபாத் ஏர்போர்ட்ல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கல. தாம்பரம் கல்லறைத் தோட்டத்துச் செம்மண்ணுல அடக்கம் பண்ணோம். கல்யாணத்துக்கு எடுத்த அதே கறுப்பு சூட்டை மாட்டினோம். காலுக்கு வெள்ளை சாக்ஸ். கைக்கு வெள்ளை கிளவுஸ், அதை நான்தான் போட்டு விட்டேன். விரல் மடங்காம ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

எங்க பொண்ணு ஜென்சிக்கு அப்போ ஆறு வயசு. அம்மை போட்டிருந்துச்சு. பல்லாவரத்துல அக்கா வீட்டுல படுக்க வெச்சிருந்தோம். அவ அப்பாவோட பெட்டியைப் பார்க்கவே இல்ல. அதுல வந்த வினை என்னன்னா, அவ நம்பவே மாட்டேன்னுட்டா. பிறந்ததுல இருந்து அப்பா எங்கன்னு கேட்கும்போதெல்லாம் நான் என்ன சொல்லி வளர்த்தேன்? அப்பா ஹோட்டல்ல இருக்காரு. இப்போ இயேசப்பாகிட்ட போயிட்டாருன்னா அவளுக்கு அதுவும் இன்னொரு ஹோட்டல். எப்பம்மா செக் அவுட் பண்ணுவாருன்னு கேட்பா. எட்டு மாசமா, வாரத்துக்கு ரெண்டு தரமாவது கேட்பா.

சரி, ஹோட்டலையே காட்டிடுவோம்னு முடிவு பண்ணேன். பாரு, இது வெறும் கட்டடம், இதுல அப்பா இல்லன்னு அவ கண்ணால பார்க்கட்டும். ஏழாவது பிறந்தநாளும் வந்துச்சு. அவர் குடுத்த வாக்கும் நிறைவேறட்டும்.

ஆனா ஒரு சிக்கல். மெம்பர் செத்துட்டா அந்தக் கணக்கையே மூடிடுவாங்களாம், பாயிண்ட்ஸ் எல்லாம் காலியாம். அவர் ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. அந்த பாயிண்ட்ஸ் என்ன சும்மா வந்ததா? ஒவ்வொண்ணும் அவர் எங்களை விட்டுட்டு எங்கேயோ தனியாப் படுத்த ராத்திரி. அதனால நான் அந்தக் கம்பெனிக்குச் சொல்லவே இல்ல. அவர் சிம்முக்கு மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டு வந்தேன். அவர் போன்லயே, அவர் பேர்லயே ரூம் புக் பண்ணேன். ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை.

ரிசார்ட் பேரை நான் சொல்லப்போறது இல்ல. கோவளம் தாண்டி, மாமல்லபுரத்துக்கு முன்னாடி. சுத்தி சவுக்குத் தோப்பு. நாங்க போய் இறங்கும்போது மணி நாலு. ரிசப்ஷன்ல உதயான்னு ஒரு தம்பி. அவர் பேரைச் சொன்னதும் எழுந்து நின்னே பேசினான். சாருக்குக் கெட்டித் தலகாணி வெச்சாச்சு, சுகர் ஃப்ரீ வெச்சாச்சு, ஏ.சி. இருபத்தாறுல வெச்சாச்சுன்னு அடுக்கினான். எட்டு மாசத்துல அவருக்குக் கெட்டித் தலகாணி வேணும்னு ஞாபகம் வெச்சுப் பேசின ஒரே ஆளு இந்தப் பையன்தான். அதுவும் கம்ப்யூட்டரைப் பார்த்து.

பாப்பா பேர் வேணுமான்னு கேட்டேன். குழந்தைங்க பேர் தேவையில்ல மேடம், ஒரு குழந்தைன்னு இருந்தாப் போதும்னான். அப்புறம் தலையைத் தூக்கி, "சார் எங்க மேடம்? மெம்பர் வந்து ஒரு கையெழுத்து போடணுமே" என்றான்.

நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வெச்ச பொய்தான். "அவர் பின்னாடி வர்றார். வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டுல மாட்டிக்கிட்டாரு."

என் புடவையை யாரோ இழுத்தாங்க. குனிஞ்சு பார்த்தா ஜென்சி. அவ முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்.

"அப்பா வர்றாராம்மா?"

அந்தக் கேள்வியை மட்டும் நான் ஒத்திகை பார்க்கல. உதயா சிரிச்சுக்கிட்டே எங்களைப் பார்த்துட்டிருந்தான். அவன் முன்னாடி என்ன சொல்றது? ஆமான்னேன். ரூமுக்குப் போய் கதவைச் சாத்திட்டு, சும்மா சொன்னேன்டா கண்ணு, ரூம் குடுக்கணும்ல, அதுக்காகச் சொன்னேன்னு எடுத்துச் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டா. ஆனா நம்பின மாதிரி தெரியல.

பிளாட்டினம்னால பெரிய ரூமாக் குடுத்திருந்தாங்க. கீழ்த்தளம். கண்ணாடிக் கதவைத் தள்ளினா சின்ன வராண்டா, அதுல ஒரு மேஜை. வராண்டாவை விட்டு இறங்கினா கோல்ஃப் கிரவுண்டு. அதுக்கு அந்தப் பக்கம் தோப்பு, தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் சத்தம். மேஜை மேல ஒரு கேக். தட்டு ஓரத்துல சாக்லேட்டால ‘வெல்கம் ஜோனத்தான்' எழுதியிருந்துச்சு. நான் பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். வெளிய வந்தா ஜென்சி அந்தத் தட்டை ஒரு கிண்ணத்தால மூடி வெச்சிருக்கா. கேக்கைக் கூடத் தொடல. அப்பா வந்து சாப்பிடட்டும்னா.

வெளிய இருட்ட ஆரம்பிச்சுது. ரூம் போன் அடிச்சுது. மணி ஆறு நாற்பது.

"மேடம், உதயா பேசறேன். சார் வந்துட்டாரு. கையெழுத்து போட்டுட்டாரு. சாவி கார்டு குடுத்து அனுப்பிட்டோம்."

எனக்கு ஒண்ணும் புரியல. யாரு வந்தாங்கன்னு கேட்டேன். சார்தான் மேடம், ஜோனத்தான் சார்னான். மெம்பர் நம்பரை மனப்பாடமாச் சொன்னாராம்.

அந்த இடத்துல நான், ஏம்ப்பா, அவர் செத்து எட்டு மாசமாச்சுன்னு சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றது? பின்னாடி வர்றார்னு சொன்னது நானாச்சே. வேற ஏதோ ரூமுக்கு வந்த ஆளை இவங்க குழப்பிக்கிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். கையெழுத்துத் தொல்லை விட்டுதுன்னு ஒரு சந்தோஷம் வேற. சரிங்கன்னு போனை வெச்சேன்.

கொஞ்ச நேரம் கதவையே பார்த்துட்டிருந்தேன். யாரும் வரல.

எட்டு மணிக்குச் சாப்பிடப் போனோம். டைனிங் ஹால்ல ரூம் நம்பரைச் சொன்னதும் அங்க இருந்த சர்வர், "சார் இப்பத்தான் மேடம் சாப்பிட்டுட்டு எழுந்து போனாரு" என்றாரு. வயசானவர், பேர் அரிகிருஷ்ணன்னு சட்டையில குத்தியிருந்துச்சு. காலி மேஜை ஒண்ணைக் காட்டினாரு. நாற்காலி பின்னாடி தள்ளி இருந்துச்சு. இவ்வளவு பெரிய விருந்து வெச்சும் சார் வெறும் வெள்ளைச் சோறு மட்டும்தான் சாப்பிட்டாராம். உப்புப் போடாத சோறு இருக்கான்னு கேட்டு வாங்கினாராம். ஊறுகாய் கொண்டு போனா தள்ளி உட்கார்ந்தாராம்.

என் வீட்டுக்காரருக்கு ஊறுகாய் இல்லாம ஒரு வாய் இறங்காது. பெட்டியில துணிக்கு நடுவுல பாட்டில் வெச்சு எடுத்துட்டுப் போற ஆளு. அப்பாடா, இது அவர் இல்ல, வேற யாரோன்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

அப்போ அரிகிருஷ்ணன் இன்னொண்ணு சொன்னாரு. "சார் கோல்ஃப் ஆடிட்டு அப்படியே வந்துட்டாரு போல மேடம். கிளவுஸைக் கூடக் கழட்டல. ஆனா கோல்ஃப் ஆடறவங்க ஒரு கையிலதான் போடுவாங்க. சார் ரெண்டு கையிலயும் போட்டிருந்தாரு. வெள்ளை கிளவுஸ்."

நான் எடுத்த தட்டை அப்படியே திரும்ப வெச்சேன்.

ஜென்சி வேகவேகமாச் சாப்பிட்டா. வழக்கமா ஒரு இட்லிக்கு அரை மணி நேரம் பண்றவ. அப்பா ரூமுல இருப்பாரு, சீக்கிரம் வாம்மான்னு என் கையைப் பிடிச்சு இழுத்தா. அடி வாயை மூடுன்னு கத்திட்டேன். பக்கத்து மேஜைக்காரங்க திரும்பிப் பார்த்தாங்க. அவ அழல. அப்பா வர்றாருன்னு நீதானே சொன்னன்னு மெதுவாக் கேட்டா.

அப்பவே கிளம்பியிருக்கலாம். டாக்சிக்குப் பார்த்தேன். அந்த நேரத்துக்கு எங்க வீடு இருக்கிற மாடம்பாக்கம் வரைக்கும் எவனும் வர மாட்டேங்கிறான், ஒருத்தன் சரின்னுட்டு கேன்சல் பண்ணான். அதோட எனக்குள்ள இருந்த சயின்ஸ் டீச்சரும் சும்மா இருக்கல. எவனோ கிளவுஸ் போட்ட கிறுக்கன், அதுக்காக ராத்திரில குழந்தையை இழுத்துக்கிட்டு ஓடுவியான்னு கேட்டுது.

ரூமுக்கு வந்து முன் கதவைப் பூட்டினேன். உள் கொண்டியையும் போட்டேன். கண்ணாடிக் கதவைத் தாழ் போட்டு திரையை இழுத்து விட்டேன். கீழ ஒரு சாண் அளவுக்குத் திரை எட்டல. ஜென்சியைச் சுவர் ஓரமாப் படுக்க வெச்சு, நான் இந்தப் பக்கம் படுத்தேன். பைபிள்ல இருக்கிற தொண்ணூத்தோராம் சங்கீதத்தை ரெண்டு தரம் சொன்னேன். எப்போ தூங்கினேன்னு தெரியல.

முழிப்பு வந்தப்போ மணி ரெண்டே கால்.

கடல் சத்தம் இல்ல. அதுதான் முதல்ல தெரிஞ்சுது. சாயங்காலத்துல இருந்து காதுல விழுந்துக்கிட்டே இருந்த சத்தம்... சுத்தமா நின்னு போயிருந்துச்சு.

திரைக்குப் பின்னாடி லேசா வெளிச்சம்.

எழுந்து போய்த் திரையை ஒரு விரல் அளவுக்கு விலக்கிப் பார்த்தேன். கோல்ஃப் கிரவுண்டு நடுவுல ஒரு நடைபாதை. ஓரத்துல முழங்கால் உயரத்துக்கு விளக்குங்க. ஆள் நடந்தா மட்டும் எரியற விளக்கு. தூரத்துல, தோப்பு ஓரத்துல, ஒண்ணு எரிஞ்சுது.

அணைஞ்சுது.

அடுத்தது எரிஞ்சுது.

நடைபாதையில யாரும் இல்ல. நாயா இருக்கும்னு நினைச்சேன். நாயும் இல்ல. விளக்கு மட்டும் ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா... எங்க ரூமைப் பார்த்து... வந்துக்கிட்டு இருந்துச்சு.

எங்க வராண்டா படி விளக்கு எரிஞ்சுது. அது அணையல.

நான் திரையை விட்டுட்டுப் பின்னாடி வந்தேன். கட்டில்ல கால் இடிச்சு அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். அந்த ஒரு சாண் இடைவெளி என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு.

ரெண்டு கால்.

செருப்பு இல்ல. வெள்ளை சாக்ஸ்.

சாக்ஸ் பூரா ஈர மண். கடற்கரை மணல் இல்ல அது. செம்மண்.

கண்ணாடியில மெதுவா தட்டற சத்தம். டொக்... டொக்... துணி சுத்தின கையால தட்டற மாதிரி.

அப்புறம் குரல். சத்தியமாச் சொல்றேன், அது அவர் குரல்தான். சளி பிடிச்சா லேசாக் கம்முமே, அந்தக் கம்மல் கூட இருந்துச்சு.

"மிஸஸ் ஜோனத்தான்..."

நான் காலை மடக்கி உள்ளுக்கு இழுத்துக்கிட்டேன்.

"மிஸஸ் ஜோனத்தான். கதவைத் திறங்க."

டீச்சர்னு கூப்பிடல. திறங்கன்னு மரியாதையாக் கூப்பிடுது. ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல என் பேர் எப்படி இருந்துச்சோ... அப்படியே.

அப்போ எனக்குப் புரிஞ்சுது. வெளிய நிக்கிறது அவர் உடம்பு. அவர் குரல். ஆனா உள்ள இருக்கிறதுக்கு எங்களைத் தெரியல. இந்த ஹோட்டலுக்கு என்ன தெரியுமோ அதுதான் அதுக்கும் தெரியும்.

நான் வாயைப் பொத்திக்கிட்டேன்.

கால் ரெண்டும் நகரல.

"கூட ஒரு குழந்தை இருக்கு இல்ல?"

...

"பாப்பா பேர் என்ன?"

நான் கட்டில் மேல பாய்ஞ்சேன். ஜென்சி எழுந்து உட்கார்ந்திருந்தா. கண்ணு திறந்திருந்துச்சு. வாயைப் பொத்தக் கையை நீட்டினேன்...

ஒரு நொடி. ஒரே ஒரு நொடி பிந்திட்டேன்.

"ஜென்சிப்பா" என்றா அவ. தூக்கக் கலக்கத்துல. அத்தனை ஆசையா.

வெளிய யாரோ நீளமா மூச்சு விட்டாங்க.

"ஜென்சி" என்றது அது. புதுசா ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகற மாதிரி, நிதானமா. "ஜென்சி."

படி விளக்கு அணைஞ்சுது.

கடல் சத்தம் திரும்ப வந்துச்சு.

விடியற வரைக்கும் அவளை மடியில இறுக்கிப் பிடிச்சு உட்கார்ந்திருந்தேன். அவ தூங்கல. அழவும் இல்ல. ஒரே ஒரு தரம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டா.

"அப்பாவுக்கு என் பேரு மறந்துபோச்சாம்மா?"

அவர் செத்த அன்னைக்குக் கூட நான் அப்படி அழுதது இல்ல.

வெளிச்சம் நல்லா வந்த பிறகு திரையைத் திறந்தேன். புல்லு மேல பனி வெள்ளையாப் படிஞ்சிருந்துச்சு. தோப்புல இருந்து எங்க வராண்டா வரைக்கும் ஒரு ஆள் நடந்து வந்த தடம். திரும்பிப் போன தடம் இல்ல. மேஜை மேல ஜென்சி மூடி வெச்ச கிண்ணம் கவுத்தபடியே இருந்துச்சு. தூக்கிப் பார்த்தேன். கேக்கு அப்படியே இருக்கு, ஒரு துணுக்கு குறையல. ‘வெல்கம்' கூட இருக்கு. ஜோனத்தான்ங்கிற பேர் மட்டும் தட்டுல இல்ல. நக்கி எடுத்த மாதிரி சுத்தமா இருந்துச்சு.

டாக்சி கிடைச்சுது. துணியைப் பையில அமுக்கிக்கிட்டு ரிசப்ஷனுக்கு ஓடினேன். உதயாதான் இருந்தான், டபுள் ஷிப்ட் முடியற நேரம். டிபன் சாப்பிடாமப் போறீங்களே மேடம்னு கவலைப்பட்டான். ஒரு அவசரம்னேன். சாவியை வாங்கிக்கிட்டு, சார் கிளம்பலையான்னு கேட்டான்.

வெளிய டாக்சிக்காரன் ஹாரன் அடிக்கிறான். ஜென்சி என் இடுப்புல. எனக்கு அந்த இடத்தை விட்டுப் போனாப் போதும். வாய் தானாச் சொல்லிடுச்சு.

"அவர் பின்னாடி வருவாரு."

சொல்லி முடிச்ச பிறகுதான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூம்ல சந்திரிகா டீச்சர்கிட்ட மட்டும் சொன்னேன். அவங்க மாடம்பாக்கத்துப் பழைய குடும்பம். வழக்கமா அவங்க கயிறு, எலுமிச்சம்பழம்னு ஆரம்பிச்சா முதல்ல கேலி பண்றவ நான்தான். அன்னைக்கு அவங்க என்னைக் கேலி பண்ணல. உப்புன்னா அதுங்களுக்கு ஆகாது, அதனாலதான் எங்க வழக்கத்துல அதுங்களுக்கு வைக்கிற சோத்துல உப்புப் போட மாட்டோம்னாங்க. முதல்ல ஹோட்டலுக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லு, ஆள் இல்லன்னு சொல்லி அந்தப் பேரை முடின்னாங்க.

மத்தியானம் போன் பண்ணேன். உதயாவைக் கேட்டு வாங்கினேன். என் வீட்டுக்காரர் பிப்ரவரியிலயே இறந்துட்டாரு தம்பி, நான் பொய் சொல்லிட்டேன், அந்தக் கணக்கை மூடிடுங்கன்னேன்.

"மேடம்... நீங்க போன கொஞ்ச நேரத்துல சார் வந்தாரு. செக் அவுட் பண்ணாரு. அவங்க முன்னாடி போறாங்க, நான் பின்னாடி போறேன்னாரு. நீங்களும் அதைத்தானே சொன்னீங்க?"

அப்புறம்னு கேட்டேன்.

"வீட்டு அட்ரஸ் ஞாபகம் வரலைன்னு சொல்லி சிரிச்சாரு மேடம். ஃபைல்ல இருந்ததை நான்தான் எழுதிக் குடுத்தேன்."

ஃபைல்ல எந்த அட்ரஸ்னு கத்தினேன். சிட்லபாக்கம்னான். போன உயிர் திரும்பி வந்துச்சு எனக்கு. சிட்லபாக்கத்துல நாங்க வாடகைக்கு இருந்தோம். அவர் போன பிறகு ஏப்ரல்லயே காலி பண்ணிட்டு மாடம்பாக்கத்துல சின்ன ஃபிளாட்டுக்கு வந்துட்டோம். அந்த அட்ரஸ் அந்த ஹோட்டல்ல எங்கேயும் இல்ல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு டேபிள் மேல தலையைச் சாய்ச்சு அழுதேன்.

மூணு நாள் நல்லாத் தூங்கினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹேமாவதி போன் பண்ணாங்க. சிட்லபாக்கம் வீட்டுல இப்போ குடியிருக்கிறவங்க. சாவி குடுக்கும்போது ஒரே ஒரு தரம் பார்த்திருக்கேன். வீட்டுக்காரம்மா பொன்னியம்மாள் அப்பவே என்கிட்ட ஒண்ணு கேட்டுக்கிட்டாங்க. சார் இறந்த விஷயத்தைப் புதுசா வர்றவங்ககிட்ட சொல்லாதம்மா, ராசியில்லாத வீடுன்னு சொல்லிப் போயிடுவாங்கன்னு. அதனால நான் அவங்ககிட்ட வாயே திறக்கல.

எங்க பேருக்கு ஏதாவது கூரியர் வந்திருக்கும்னு நினைச்சு போனை எடுத்தேன்.

"மெட்டில்டா மேடமா? நல்லா இருக்கீங்களா? ஞாயிற்றுக்கிழமையே சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன். உங்க வீட்டுக்காரர் இங்க வந்திருந்தாரு. பழைய ஞாபகத்துல வந்துட்டாராம். பாவம், கால்ல செருப்பு கூட இல்ல, வெறும் சாக்ஸோட நின்னாரு. உள்ள வந்து தண்ணியாவது குடிங்கன்னேன், வேண்டாம்னுட்டாரு. புது வீடு எங்கன்னு கேட்டாரு. மாடம்பாக்கம்னு மட்டும்தான் தெரியும், எந்தத் தெரு, எந்த ஃபிளாட்டுன்னு தெரியாதுங்கன்னேன். பரவாயில்ல, பாப்பா பேர் தெரியும், பேரைச் சொல்லிக் கேட்டுக்கறேன்னு சொல்லிட்டு நடந்தே போனாரு..."

நான் எழுந்து போய் வாசக் கதவைத் தாழ் போட்டேன்.

"வந்து சேர்ந்துட்டாருல்ல மேடம்?"

அன்னைக்கு ராத்திரியே நாங்க அந்த ஃபிளாட்டை விட்டுட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டோம். இப்போ எங்க இருக்கோம்னு சொல்ல மாட்டேன். பிறந்த குழந்தை தங்கலைன்னா அடுத்த குழந்தைக்குக் குப்பம்மா, பிச்சைன்னு பேர் வெச்சு எமனை ஏமாத்துவாங்கன்னு சந்திரிகா டீச்சர் முன்னாடி ஒரு தரம் சொன்னப்போ விழுந்து விழுந்து சிரிச்சவ நான். இப்போ என் பொண்ணை ஸ்கூல்ல, சண்டே ஸ்கூல்ல, வீட்டுல எல்லா இடத்துலயும் வேற பேர் சொல்லித்தான் கூப்பிடறோம். யார் பேர் கேட்டாலும் அவ வாயைத் திறக்கிறது இல்ல. ராத்திரி யாராவது கதவைத் தட்டினா அவளே தன் வாயைப் பொத்திக்கிறா. அப்பா எப்போ செக் அவுட் பண்ணுவாருன்னு கேட்கிறதையும் விட்டுட்டா.

ஆரம்பத்துல ஒண்ணை மாத்திச் சொல்றேன்னு சொன்னேனே, அது அவ பேருதான். ஜென்சிங்கிறது என் பொண்ணு பேர் இல்ல.

நீங்க மாடம்பாக்கம், சிட்லபாக்கம், சேலையூர் பக்கம் இருக்கிறவங்கன்னா உங்ககிட்ட ஒரே ஒரு உதவி கேட்கிறேன். சூட்டு போட்ட ஒருத்தர், ரொம்ப மரியாதையாப் பேசுவாரு. கையில வெள்ளை கிளவுஸ் இருக்கும். கால்ல செருப்பு இருக்காது. ஒரு பொண்ணு பேரைச் சொல்லி, அவங்க வீடு எது, நான் அவ அப்பான்னு கேட்பாரு.

எந்தப் பேரைச் சொல்லிக் கேட்டாலும் சரி, தெரியாதுன்னு சொல்லிடுங்க.